பொன்னாடைக்கு முன்னால் ஒரு கேள்வி

போன ஞாயிறு விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஆவடியில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். "இந்த மழையில போகணுமா?" என்றாள் மனைவி. பெரம்பூர்ப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் என் சக ஆயருக்குப் பணி நிறைவு ஆராதனை. குருப்பட்டம் வாங்கிய காலத்திலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவர். எப்படிப் போகாமல் இருப்பது? மின்சார ரயிலைப் பிடித்து, பெரம்பூரில் இறங்கி, குடையோடு நடந்தேன். அங்கியை எடுத்துப் போகவில்லை. நான் ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. இன்னொருவர் பொறுப்பில் இருக்கிற சபைக்குப் போனால் கடைசி பெஞ்சில் உட்காருவதுதான் முறை.

திருவிருந்தில் ஒருவருக்கொருவர் கைபிடித்துச் சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. அவர் பீடத்தருகே நின்று உதவிக்காரர்களின் கையில் கொடுத்தார். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர்த்து, இடது கையால் மூடிப் பிடித்து, வரிசை வரிசையாக அது பின்னால் வந்தது. 1947 செப்டம்பர் 27 அன்று நம் கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில்தான் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்று பிரிந்திருந்தவர்கள் ஒரே சி.எஸ்.ஐ. சபையானார்கள். 1950-ல் வந்த திருவிருந்து ஒழுங்கில், கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களிடம் இருந்த இந்தப் பழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். எத்தனையோ வருடம் கொடுக்கிற இடத்திலேயே நின்றவன் நான். அன்றைக்கு நனைந்த சட்டையோடு வந்திருந்த ஒரு பையன் என் கையைப் பிடித்தபோது, பீடத்திலிருந்து என் தம்பியின் கையே வந்து சேர்ந்தது போல இருந்தது. கண் கலங்கிவிட்டது.

அப்புறம் வாழ்த்துரைகள். பதினோரு பேர் பேசினார்கள். கமிட்டி, பெண்கள் ஐக்கியம், வாலிபர் சங்கம், பாடகர் குழு, எல்லோரும் பொன்னாடை போர்த்தினார்கள். அன்பாகத்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் "ஐயா, இனி எங்கே குடியிருக்கப் போறீங்க?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆயர் என்றால் பணிக்காலம் முழுக்கச் சபை கொடுக்கிற வீட்டில், குருமனையில், வாழ்கிறவர். இடமாற்றம் வந்தால் மூட்டை கட்ட வேண்டும், பிள்ளைகளுக்கு மறுபடியும் புதுப் பள்ளி. நாங்கள் ஒன்பது குருமனைகளில் இருந்தோம், ஒன்றும் எங்களுடையது இல்லை. ஓய்வு பெற்றால் அடுத்து வருகிறவருக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும், அது நியாயம்தான். நான் காலி செய்தபோது அறுபது வயதைத் தாண்டி முதல் தடவையாக வாடகை வீடு தேடினேன். பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்கள். வயதானவர்கள் என்று இரண்டு பேர் வீடே தரவில்லை. அந்த மூன்று மாதத்தில் என் மனைவி இளைத்துப்போனதை நான் மறக்கவில்லை.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் எபேசு சபை மூப்பர்கள் பவுலை எப்படி அனுப்பினார்கள்? முழங்கால்படியிட்டு ஜெபித்தார்கள், கட்டிக்கொண்டு அழுதார்கள், கப்பல் வரைக்கும் கூடவே போனார்கள். நாம் கோயில் வாசலோடு நின்றுவிடுகிறோம். கமிட்டியில் இருக்கிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் ஆயர் ஓய்வு பெறும் தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆறு மாதம் முன்னாலேயே அவரையும் அவர் மனைவி ஆயரம்மாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள். வீடு தேட இரண்டு பேரைக் கூட அனுப்புங்கள். பொன்னாடைக்குச் செலவாகும் பணத்தை அட்வான்ஸுக்குச் சேர்த்துக் கொடுங்கள்.

ஆராதனை முடிந்து குருமனைக்குப் போனேன். புத்தகப் பெட்டிகள் ஒழுகாத மூலையில் அடுக்கியிருந்தன. "வீடு பார்த்தாச்சா?" என்றேன். "இன்னும் இல்லண்ணே" என்றார்.

புதன்கிழமை அவர், ஆயரம்மா, நான் மூவருமாகக் கொரட்டூரில் ஒரு வீடு பார்த்தோம். தரைத்தளம். வாசற்படி வரை தண்ணீர் ஏறிய கோடு சுவரில் தெரிந்தது, வேண்டாம் என்று வந்துவிட்டோம். ஆயரம்மாவுக்கு மூட்டுவலி, மாடியென்றால் லிஃப்ட் இருக்க வேண்டும். கொரட்டூர், வில்லிவாக்கம் பக்கம் யாருக்காவது அப்படி ஒரு வீடு தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும்.