செத்த சிங்கத்தை வரைந்தால் என்ன குறைச்சல்?

நேற்றைய பதிவின் கீழே நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவாவின் சிங்க ஸ்கெட்ச் ஒன்றைப் போட்டேன், அவ்வளவுதான். "கூண்டுச் சிங்கத்தைப் பார்த்து வரைஞ்சவரெல்லாம் காட்டு விலங்கு ஓவியரா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு நாற்பது சிரிப்பு எமோஜி. சரி, சிரியுங்கள்.

மனிதர் பார்த்து வரைந்தார். எனக்கு அது போதும். 1820களின் கடைசியில் பாரிஸின் ழார்தன் தெ பிளாந்த் என்ற தாவரத் தோட்டத்தின் விலங்குக் கூடத்துக்கு சிற்பி பாரியோடு (நம்ம வள்ளல் இல்லை, பிரெஞ்சுக்காரர்) போய்ப் போய் வரைந்தார். ஒரு சிங்கம் செத்துப்போனதும் பாரிக்கு ஒரு துண்டுக் கடிதம்: சிங்கம் செத்துவிட்டது, நாலுகால் பாய்ச்சலில் வாருங்கள் என்று. தோலுரித்த சிங்கத்தை அருகில் வைத்து, எந்தத் தசை எந்த எலும்பில் போய்ச் சேர்கிறது என்று வரைந்தார்கள். அந்த நாற்றத்தில் எத்தனை பேர் பென்சில் பிடிப்பீர்கள்? 1830இல் தாய்ப்புலியோடு விளையாடும் குட்டியை ஏறக்குறைய 2 மீட்டர் அகலத்தில் தீட்டினாரே, அந்தப் புலிகளின் உடம்பில் இருக்கிற கனம் சும்மா வந்ததா?

"விலங்கைக் கூண்டில் அடைத்தது கொடுமை இல்லையா?" கொடுமைதான். கூண்டைக் கட்டியது டெலாக்ருவாவா?

"கேமரா இல்லாத காலம், வேற வழியில்ல." ஐயா, புகைப்படம் 1839இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும், 1847இல், அதே தோட்டத்தின் அருங்காட்சியகத்தில் யானை, காண்டாமிருகம், நீர்யானை எல்லாம் பார்த்துவிட்டு, உள்ளே நுழைந்ததுமே மனதில் மகிழ்ச்சி நிறைந்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். பாடம் பண்ணி நிறுத்தியவற்றைப் பார்த்து! உங்களுக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருக்கும். பார்த்து வரைவது என்றால் என்னவென்று தெரியாதவர்களிடம் என்ன பேசுவது?

எனக்குக் கொஞ்சம் தெரியும். பத்து வயதில் எங்கள் வீட்டுப் பூனை கொல்லைப் படியில் செத்துக் கிடந்தது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை வரைந்தேன். உதடு லேசாக விலகி ஒரு பல் தெரிந்தது. ஒரு மீசை மயிர் வளைந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அழுதுகொண்டேதான் வரைந்தேன். பெரியப்பா வந்து, "பொணத்த வரையிற பொண்ணு உருப்படுமா?" என்று தாளைக் கிழித்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சிரித்த பெரியப்பா மகன், நேற்றைய நாற்பது பேரிலும் இருக்கிறார். அண்ணா, அந்த எமோஜியை எடுக்கவேண்டாம். அப்படியே இருக்கட்டும்.