பார் கவுன்சில் உறுப்பினர்களை ஆளுங்கட்சி நியமிக்கிறதா?

வழக்கறிஞர்களைப் பதிவு செய்து, அவர்களின் தொழில் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் அமைப்புதான் பார் கவுன்சில். "தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் உறுப்பினர்கள் எல்லாரும் ஆளுங்கட்சி நியமித்தவர்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி இது தேர்தல். பதிவுபெற்ற வழக்கறிஞர்கள்தான் வாக்காளர்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் வாக்காளர்கள் உள்ள மாநிலத்தில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் எண்ணிக்கை 25. வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை; பெயருக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். ஜெயித்தவருக்குத் தேவைக்கு மேல் விழுந்த வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். அதனால்தான் எண்ணி முடிக்க அவ்வளவு நாளாகிறது.

சரி, அரசு நியமிப்பவர் யாருமே இல்லையா? ஒருவர் உண்டு. மாநில அரசின் தலைமை வழக்கறிஞர், பதவி வழியாகவே உறுப்பினராகிறார். அந்த ஒருவரைக் காட்டி மொத்தப் பேரையும் நியமனம் என்பது, வரிசையில் நின்று வாக்களித்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.