குர்ஸ்கியின் 'ரைன் 2' ஆவணப் புகைப்படம் அல்ல

ஒருவர், "ஆற்றங்கரையில் நின்று ஒரு கிளிக், உள்ளதை உள்ளபடி எடுத்த ஆவணப் புகைப்படம், உலகிலேயே விலை அதிகமானது" என்று ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் 'ரைன் 2' பற்றி எழுதியிருக்கிறார். இதில் பாதி தவறு, மீதி பழைய செய்தி.

1999இல் செய்த படம் அது. ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகர் அருகே ரைன் நதி. கேமராவில் பதிந்ததில் எதிர்க்கரைத் தொழிற்சாலைக் கட்டடமும் நடந்துபோன ஆட்களும் இருந்தார்கள், அவற்றையெல்லாம் கணினியில் அழித்துவிட்டுத்தான் அந்தப் பச்சை, சாம்பல் பட்டைகள் மட்டும் மிஞ்சும்படி செய்தார். இதை அவர் மறைக்கவும் இல்லை. இன்றைய நதி எப்படியிருக்கிறது என்பதற்கு ஒரு பிம்பம் வேண்டும், அது ஒரே இடத்தில் நேரில் கிடைக்காது என்பதே அவர் எண்ணம். அதனால் இதை ஆவணம் என்று சொல்வது அவருக்கும் நியாயமில்லை, ஒரு நாய் குறுக்கே ஓடினாலும் அதை அப்படியே விட்டுவைக்கிற ஆவணப் புகைப்படக்காரர்களுக்கும் நியாயமில்லை.

அப்புறம், மொபைல் திரையில் பார்த்து "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்பதும் சரியல்ல. சட்டத்தோடு மூன்று மீட்டருக்கும் அதிக அகலம், கண்ணாடி போன்ற அக்ரிலிக்கோடு ஒட்டிய பிரிண்ட். எதிரே நின்றால் புல்லின் ஒவ்வொரு இழையும் தெரியும் அளவு அது.

விலை விஷயம்: 2011 நவம்பரில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 43 லட்சம் டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் 2022 மே மாதம் அமெரிக்கக் கலைஞர் மான் ரேயின் 1924ஆம் ஆண்டுப் படம் ஒன்று, அதே கிறிஸ்டீஸில், சுமார் 1.24 கோடி டாலருக்கு விற்றுவிட்டது.