429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297

கணக்கு வாத்தியார்கள் எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டிய எண் இது: 4294967297.

2-க்கு அடுக்காக 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போட்டு, வருகிற விடையோடு 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65,537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். இப்படியே போனால் எல்லாமே பகா எண்தான் என்று 1640-ல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா நம்பினார். தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதையும் சொல்லியிருந்தார். அடுத்த அடுக்கு 32. அதில் வருவதுதான் நம்ம எண். அது பகா எண் இல்லை என்று 1732-ல் சுவிஸ் கணிதர் ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

கண்ணை மூடிக்கொண்டு தேடினால், இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 65,536 வரைக்கும் உள்ள 6,542 பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டி வரலாம். ஆனால் இதற்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது வகுத்தலிலேயே வேலை முடிந்துவிடும்! எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். இந்த நிபந்தனை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்தே வருகிறது (p பகா எண்ணாக இருந்து, a அதனால் வகுபடாவிட்டால், a-இன் (p − 1)-ஆவது அடுக்கை p-ஆல் வகுக்க மீதி 1 வரும் என்பது அது). அந்தத் தேற்றத்தையும் அவர் அதே 1640-ல்தான் கடிதத்தில் எழுதினார். கையில் சாவியை வைத்துக்கொண்டே கதவைத் திறக்காமல் போய்விட்டார்.

641 வகுக்கும் என்பதைப் பார்க்க நீண்ட வகுத்தல்கூட வேண்டாம். 641-ஐ 5×2⁷ + 1 என்றும் எழுதலாம், 5⁴ + 2⁴ என்றும் எழுதலாம். x⁴ − 1 எப்போதும் x + 1-ஆல் வகுபடும்; முதல் வடிவத்தில் x = 5×2⁷ என்று வைத்தால், 5⁴×2²⁸ − 1 என்பது 641-ஆல் வகுபடும். இரண்டாவது வடிவத்தை 2²⁸-ஆல் பெருக்கினால், 5⁴×2²⁸ + 2³² என்பதும் வகுபடும். பின்னதிலிருந்து முன்னதைக் கழியுங்கள். மிஞ்சுவது 2³² + 1. அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும். இவ்வளவு அழகான நிரூபணத்தை இளம் வயதில் காட்டாமல் விடுவது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

நம் வகுப்புகளில் "1, 2, 3 போட்டுப் பார், சரியா வருதா? அப்போ சூத்திரம் சரி" என்று கடந்து போகிறோம். வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் போட்டுப் பார்ப்பதற்கும் நிரூபிப்பதற்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகள் மனதில் பதியாமலே போய்விடுகிறது. அதைப் பாடமாக விளக்குவதைவிட, ஐந்து முறை சரியாக வந்து ஆறாவதில் கவிழ்ந்த இந்த எண்ணைக் கொடுத்து அவர்களையே வகுக்கச் சொல்லலாம்.

65,537-க்கு மேல் இந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைக்கவில்லை. இனி கிடைக்காது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதற்கும் இன்னும் நிரூபணம் இல்லை.