40 ஏக்கர் மனைப்பிரிவும் எங்கள் பேரூராட்சியும்

எங்கள் ஊரில் இப்போது இரண்டே கட்சிதான். லேஅவுட் வரட்டும் என்பது ஒன்று, வரவே கூடாது என்பது இன்னொன்று. டீக்கடை, வாட்ஸ்அப் குழு, கல்யாணப் பந்தி, எங்கே போனாலும் இதே பேச்சு. விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியிருக்கும் சின்னப் பேரூராட்சி எங்களுடையது. ஏரிக்குக் கீழே, பழைய ரைஸ்மில்லுக்குப் பின்பக்கம் சுமார் 40 ஏக்கரை ஒரு நிறுவனம் பேசி முடித்திருக்கிறது. மனை பிரித்து விற்கப் போகிறார்கள். அனுமதிக் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது.

நீ எந்தக் கட்சி என்று கேட்பீர்கள். வரட்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் இப்போது இருக்கிற நிலையில் பேரூராட்சி மன்றம் இதற்குச் சம்மதம் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது, கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

வீடு தேவையில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு இந்தப் பக்கத்து நிலத்தின் பேச்சே மாறிவிட்டது. ஒரகடத்திலும் மறைமலை நகரிலும் வேலைக்குப் போகிற பையன்கள் கல்யாணம் ஆனதும் வீடு தேடி அலைகிறார்கள். ஊருக்குள் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. இதற்கு நடுவே "விளைநிலத்தைக் காப்போம்" என்று பதாகை பிடிப்பவர்களில் பாதிப் பேர் நெல் விலை என்ன என்று கேட்டால் முழிப்பார்கள்.

நிலத்தை விற்கிறவர்களில் ஒருவர் எனக்குப் பெரியப்பா முறை. போன வாரம் அவரிடம் பேசினேன். "நீ எழுதறது எல்லாம் சரிதாண்டா தம்பி. நடவுக்கு ஆள் கூப்பிட்டா யாரு வர்றா? பையன் காட்டுப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேங்கறான். இன்னும் எத்தனை வருசம் நான் ஒத்தையா ஓட்டுறது?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரை வில்லனாக்கி நாலு பேர் லைக் போடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 40 ஏக்கரில் சாலைகளுக்கு மட்டும் 12 ஏக்கர் போகும் என்று வைத்துக்கொண்டால் மீதி 28. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்று ஒன்று இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 2.8 ஏக்கர் ஆகிறது. நல்லது. பொதுப் பயன்பாட்டுக்கு என்று இன்னொரு 1 சதவீதம், அதில் பாதி மின்வாரியத்துக்கு, பாதி உள்ளாட்சிக்கு. உள்ளாட்சியின் பாதி எவ்வளவு தெரியுமா? 14 சென்ட். ஆறாயிரம் சதுர அடிக்குச் சற்று மேல். அதாவது, அரை கிரவுண்டு மனை ஐந்து.

இந்த அளவு நிலத்தில் அரை கிரவுண்டாகப் பிரித்தால் 800 மனையாவது வரும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 3,200 பேர். எங்கள் ஊருக்குள் இன்னொரு ஊர். அந்த ஊரின் மேல்நிலைத் தொட்டி, பம்ப் அறை, குப்பை பிரிக்கும் கொட்டகை, அங்கன்வாடி எல்லாம் அந்த 14 சென்டுக்குள் அடங்க வேண்டும். பூங்காவுக்கு என்று ஒதுக்கிய 2.8 ஏக்கரில் கை வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

தண்ணீரைப் பாருங்கள். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குழாய்த் தண்ணீர் மட்டும் இருக்கிற ஊருக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேடு வைத்த அளவு. குறைந்ததை எடுத்துக்கொண்டாலே தினம் 2,24,000 லிட்டர். எங்கள் தெருவில் இப்போதே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். சித்திரை பிறந்துவிட்டால் டேங்க் ஆபரேட்டர் போனையே எடுக்க மாட்டார், பாவம் அவர் என்ன செய்வார். நிறுவனத்தின் ஆள் மனை பார்க்க வருகிறவர்களிடம் "எண்பது அடியில நல்ல தண்ணி சார், அவங்கவங்க போர் போட்டுக்கலாம்" என்கிறாராம். 800 வீட்டுக்கு 800 போர். கீழே இருக்கிற கிணற்றுப் பாசனக்காரர்களை இதில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

கழிவுநீர் பற்றிப் பேசினால் மட்டும் எல்லாரும் முகத்தைச் சுளிக்கிறார்கள். பாதாளச் சாக்கடை எங்கள் ஊரில் கிடையாது, இப்போதைக்கு வரவும் போவதில்லை. ஆக, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு ஐந்து லோடு. கருங்குழியில் 2017-இல் தமிழ்நாட்டின் முதல் கசடுக் கழிவு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. நாளுக்குச் சுமார் 23,000 லிட்டர் கசடைச் சுத்தம் செய்யக் கூடியது. வாரத்துக்கு ஐந்து லோடு அதற்குப் பெரிய விஷயமில்லை. லாரி அங்கே போகிறதா என்பதுதான் கேள்வி. ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கள் ஏரிக் கால்வாய்ப் பக்கம் லாரியை ரிவர்ஸ் எடுத்து, விளக்கை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் போவதை அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள். டீசல் மிச்சம்.

அதுகூடப் போகட்டும். குளியலறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் எந்த டேங்கிலும் சேராது, தெருவுக்குத்தான் வரும். வரைபடத்தில் சாலையோரம் கோடு போட்டு மழைநீர் வடிகால் என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். அந்தக் கோடு எங்கே போய் முடிகிறது? ஏரிப் பாசன வாய்க்காலில். அதன் கடைமடையில் இன்னும் நெல் நடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய கவலை மழை. பத்திரத்தில் அந்த நிலம் புஞ்சை. ஆனால் ஏரி நிரம்பிக் கலங்கல் (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். வயலாக இருந்தவரை இரண்டு நாள் நின்று வடிந்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது மூன்றடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி மேடாக்கப் போகிறார்கள். தண்ணீர் எங்கே போகும்? பக்கத்தில் இருக்கிற பழைய காலனித் தெருவுக்குள்தான் போகும். அங்கிருந்து மன்றத்தில் போய்ப் பேச ஆள் இல்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை எல்லாரும் டிவியில் பார்த்தோம். அடையாறு பரந்து ஓட வேண்டிய இடத்தில் மனை போட்டிருந்தார்கள். பத்திரம், பட்டா, வங்கிக் கடன் எல்லாம் கையில் வைத்துக்கொண்டுதான் ஜனங்கள் மொட்டை மாடியில் நின்றார்கள்.

இங்கே யாராவது "ரெரா பதிவு இருக்கே சார்" என்று ஆரம்பிப்பார்கள். இருக்கட்டும். ரெரா என்பது மனை வாங்குகிறவரையும் விற்கிறவரையும் பற்றிய சட்டம். சொன்னபடி கொடுத்தார்களா, பணத்தை ஒழுங்காகக் கையாண்டார்களா என்று பார்க்கும். பக்கத்துத் தெருவில் தண்ணீர் ஏறினால் அதற்கு ரெராவில் பதில் கிடையாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலும் பெரும்பாலும் அப்படித்தான். சாலை அகலம், மனை அளவு, திறந்தவெளி எல்லாம் விதிப்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மேட்டு நிலத்திலும் அதே விதி, எங்கள் ஏரிக்குக் கீழேயும் அதே விதி. எங்கள் ஊர்க் கலங்கல் எந்தப் பக்கம் போகும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

நான் ஏன் தானப் பத்திரத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், எல்லாப் பொறுப்பும் கைமாறுவது அந்த ஒரு நாளில்தான். சாலையும் பூங்காவும் பேரூராட்சி பெயருக்கு எழுதப்பட்டு, இறுதி அனுமதியும் வாங்கியாகிவிட்டால், தெருவிளக்கு மின்கட்டணம் முதல் கொசு மருந்து வரை எங்கள் தலையில். கடைசி மனை விற்றதும் கல்யாணம் முடிந்த பந்தல்காரர் மாதிரி அவர்கள் மூங்கிலைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

வருமானம் வராதா என்றால், வரும், மெதுவாக. மனை வாங்குகிற எல்லாரும் வீடு கட்டுவதில்லை. பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும் என்று போட்டு வைப்பார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் நாலு வீடு, நடுவில் சீமைக் கருவேலம். அந்த நாலு வீட்டுக்கும் பைப், விளக்கு, குப்பை வண்டி எல்லாம் போயாக வேண்டும். காலி மனை வரி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பெரும்பாலானவர்கள் கட்டட அனுமதிக்கு வரும்போதுதான் மொத்தமாகக் கட்டுவார்கள். அதுவரை செலவு யாருடையது? இப்போது வரி கட்டுகிற நம்முடையது.

நான் குடியிருக்கும் நகர் 1990களில் போட்ட அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு. வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடத்தில் இன்று மூன்று வீடு இருக்கிறது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டது. அடுத்த வருடம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. நாங்களும் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கினோம். சான்றிதழ் வந்தது, வடிகால் இன்னும் வரவில்லை. தெருவில் ஒவ்வொருவரும் வீட்டு வாசலில் சொந்தச் செலவில் மண் கொட்டி மேடாக்கி, தண்ணீரை எதிர்வீட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். ஐப்பசியில் எங்கள் தெருச் சண்டையைக் கேட்க வாருங்கள்.

அதனால் மன்றம் செய்ய வேண்டியதாக நான் நினைப்பது இதுதான். கலங்கலில் இருந்து தண்ணீர் இறங்கும் பாதையை நீர்வளத் துறை வந்து அளந்து, வரைபடத்தில் குறிக்கட்டும். அந்த அகலத்துக்கு மனை போடாமல் விடட்டும். பூங்காவுக்கான 10 சதவீதத்தில் ஒரு பகுதியை அந்தப் பாதையை ஒட்டியே கேட்கலாம். வழக்கமாக யாருக்கும் விற்காத ஒரு மூலையைத்தான் பூங்கா என்று தள்ளிவிடுவார்கள். குளியல், சமையல் தண்ணீரைச் சுத்திகரிக்க ஒரு சின்ன நிலையத்தை நிறுவனமே கட்டி, சில வருடம் ஓட்டிக் காட்டிய பிறகு ஒப்படைக்கட்டும். தொட்டிக்கும் பம்ப் அறைக்கும் 14 சென்டுக்கு மேல் இன்னும் நிலம் தரட்டும். விதியில் இல்லையே என்பார்கள். விதி என்பது குறைந்தபட்சம்தானே, அதற்கு மேல் தரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பேசிக் கேட்டு வாங்க வேண்டும். தானப் பத்திரம் பதிவான மறுநாள் கேட்டால் போனைக்கூட எடுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்டால் நிறுவனம் ஓடிவிடும் என்று வியாபாரிகள் சங்கத்து நண்பர் ஒருவர் பயப்படுகிறார். கிளாம்பாக்கத்துக்கு இவ்வளவு பக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலை மேல் 40 ஏக்கர் கிடைத்தவர்கள் ஓடவா போகிறார்கள் அண்ணே? கொஞ்சம் முனகுவார்கள், சதுர அடிக்கு ஐம்பதோ நூறோ ஏற்றுவார்கள். பெரியப்பாவுக்குப் போக வேண்டிய பணத்தில் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலை.

மாதாந்திர மன்றக் கூட்டத்தில் இது பொருளாக வரும் என்று வார்டு உறுப்பினர் சொன்னார். வரைபட நகலும் நீர்வளத் துறையின் கடிதமும் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். காலனித் தெருவில் இருந்தும் தனியாக ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், கையெழுத்துப் போட நினைப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை நூலகத்துக்கு வாருங்கள். புலப்பட (நிலத்தை அளந்து வரைந்த அரசு வரைபடம்) நகல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் கூடவே எடுத்து வாருங்கள், பழைய வாய்க்கால் அதில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.