டபிள்யூஎஸ்இடி லெவல் 3 மட்டும் முடிச்சா மாஸ்டர் சொமிலியர் ஆக முடியாது
டபிள்யூஎஸ்இடின்னா வைன், ஸ்பிரிட்ஸ் (விஸ்கி, ரம் மாதிரி சரக்கு) பத்தி கோர்ஸ் நடத்தற அமைப்பு, சொமிலியர்னா ஹோட்டல்ல வைன் தேர்ந்தெடுத்து பரிமாறற நிபுணர். இத பத்தி ஒரு அண்ணா "டபிள்யூஎஸ்இடி லெவல் 3 ஒண்ணு முடிச்சா போதும், வைன் விஸ்கி ரெண்டும் கவர் ஆயிடும், மாஸ்டர் சொமிலியர்னு போட்டுக்கலாம், கடன் வாங்கியாவது சேருங்க"ன்னு போட்டிருக்காரு. அண்ணா, இது தப்புங்க. முன்னாடி வைனும் ஸ்பிரிட்ஸும் ஒரே கோர்ஸா இருந்தது உண்மைதான், ஆனா இப்ப லெவல் 3 வைன் தனி, லெவல் 3 ஸ்பிரிட்ஸ் தனி, ரெண்டுக்கும் தனித்தனி ஃபீஸ் தனித்தனி எக்ஸாம், 2019ல இதுக்கு மேல உள்ள டிப்ளமோல இருந்தே ஸ்பிரிட்ஸ எடுத்துட்டாங்க. மாஸ்டர் சொமிலியர் பட்டம் குடுக்கறது கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமிலியர்ஸ்ங்கற வேற அமைப்பு, அங்க டேபிள்ல சர்வீஸ் செஞ்சு காட்டணும், தியரி, பிளைண்ட் டேஸ்டிங் (என்ன வைன்னு சொல்லாம குடுத்து ருசிச்சே கண்டுபிடிக்கறது)னு மூணு பார்ட்டும் பாஸ் ஆகணும், உலகத்துலயே சில நூறு பேர்தான் வாங்கியிருக்காங்க.

தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் கேட்டரிங் முடிச்சிட்டு ஓசூர், பெங்களூர் ஹோட்டல்ல எஃப் அண்ட் பி (சாப்பாடு, டிரிங்க்ஸ் பரிமாறற) சர்வீஸ்ல நிக்கற பசங்க நிறைய, அவங்க சம்பளத்துக்கு இந்த ஃபீஸ் சின்ன காசு இல்ல. லெவல் 3 வைன் எக்ஸாம்ல ரெண்டு வைன டேஸ்ட் பண்ணி எழுதணும், விரிவா எழுதற கேள்வியும் உண்டு, சும்மா மனப்பாடம் பண்ணா வராது. பார் வேலைதான் உன் லைன்னா தம்பி, ஸ்பிரிட்ஸ் லெவல் 2ல ஆரம்பி, ஃபீஸ்ல டேஸ்டிங் சாம்பிள் சேருமான்னு கேட்டுட்டு பணம் கட்டு.