எல்லா டவுன்ஷிப்பும் ஆறு மைல் இல்லை
அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டவுன்ஷிப்புகள் (ஊராட்சி மாதிரியான உள்ளாட்சிப் பகுதிகள்) எல்லாமே 1785 நிலச் சட்டப்படி ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம் என்று இந்தக் கட்டுரையில் இருப்பது சரியில்லை. நான் இருக்கும் வடகிழக்கு மூலையில் பெரும்பாலும் ஐந்துக்கு ஐந்துதான். இது கனெக்டிகட் மாநிலம் தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட 'வெஸ்டர்ன் ரிசர்வ்' நிலம். அதை வாங்கிய கம்பெனிக்காக 1796-ல் மோசஸ் கிளீவ்லாண்ட் தலைமையில் வந்தவர்கள் ஐந்து மைல் கணக்கில் அளந்தார்கள். பின்னால் கனெக்டிகட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஊர் நடுவே பொதுப் புல்வெளி, அதையொட்டி வெள்ளை மரத் தேவாலயம் என்று சொந்த ஊரையே பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார்கள். கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் நெய்வேலி டவுன்ஷிப் மாதிரியா என்று கேட்டிருக்கிறார். இல்லைங்க, நம்மூர் ஊராட்சிக்குத்தான் இது நெருக்கம். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மூன்று டிரஸ்டிகள், வரவு செலவு பார்க்க ஒருவர், நான்கு வருடப் பதவி, அவ்வளவுதான். ரோட்டில் பனி தள்ளுவதும் பழைய கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவதும் அவர்கள் பாடு. எங்கள் தெருமுனையிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. பளிங்குக் கற்கள் மழையில் கரைந்து, எழுத்தை விரலால் தடவித்தான் படிக்க வேண்டும். ஒரு கல்லில் பிறந்த ஊர் மட்டும் தெளிவாகத் தெரியும்: கனெக்டிகட். அப்புறம், போன ஜனவரியில் பனி தள்ளும் வண்டி என் தபால் பெட்டியையும் சேர்த்தே தள்ளிவிட்டுப் போனது, அது வேறு கதை.